மொலினாவின் ‘ஸியென்ஸியா மேதியா’: இடையறிவா, செயினறிவா?

மொழிபெயர்ப்பாளர்:
அன்புடையீர், ஸ்தோத்திரம். முதலாண்டு இறையியல் பாடநூலில் தேவ ஆளுகையும் மனித சித்தமும் பற்றிய அதிகாரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். முன்னறிதல், முன்குறித்தல் இரண்டுக்கும் ரோமர் 8:29 கைகொடுத்துவிட்டது. தமிழ்ச்சொல் கிடைக்காமல் இடிப்பது ஸ்பானிய இறையியலாளர் லூயிஸ் தெ மொலினா 1588-இல் முன்வைத்த ‘ஸியென்ஸியா மேதியா’ (லத்தீனில் ‘நடு அறிவு’). தேவனுடைய அறிவை அவர் மூன்றாக அடுக்குகிறார். என்னவெல்லாம் நடக்கக்கூடும் என்பது முதலாவது. தேவன் தீர்மானித்தபின் என்ன நடக்கும் என்பது கடைசி. இன்ன சூழலில் இன்ன மனிதன் தன் விருப்பத்தாலேயே எதைத் தெரிந்துகொள்வான் என்பது நடுவில், தீர்மானத்துக்கு முன்னால் நிற்கிறது. ‘நடுத்தர அறிவு’ என்று போட்டால் சுமாரான அறிவு என்றல்லவா படிப்பார்கள்?

தமிழாசிரியர்:
‘நடுத்தர’ வேண்டவே வேண்டாம். ‘இடையறிவு’ எனலாம். வல்லினத்துக்கும் மெல்லினத்துக்கும் இடைப்பட்டதால் இடையினம். ய, ர, ல தரம் குறைந்தவை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் என் மனம் நாடுவது வேறு. ‘இது நேரின் இவன் இதைச் செய்வான்’ என்பதுதானே இந்த அறிவு? தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளில் ‘செயின்’ (செய்தால்) ஒன்று. மழை பெய்யின் பயிர் விளையும். ‘செயினறிவு’ என்றால் இலக்கணமே பொருளைச் சொல்லிவிடும். ஐந்தாம் வேற்றுமை ‘இன்’ உருபும் ஏதுப்பொருளில் வரும். காரணமும் நிபந்தனையும் ஒரே ஒலியில் வருவது தற்செயலா?

மெய்ப்புத் திருத்துநர்:
ஐயா, இன்றைக்கு ‘செயின்’ என்றால் கழுத்துச் சங்கிலி. முதலாண்டு மாணவர் தொல்காப்பியத்தோடு வருவதில்லை. ‘இடையறிவு’க்கும் ஓர் ஆபத்து உண்டு: றி-யின் மேல்விலங்கு விடுபட்டால் ‘இடையறவு’, அதாவது தடைபடுதல். அதுவும் சரியான சொல்லே என்பதால் பிழைதிருத்தி மென்பொருள் பிடிக்காது. கண்ணால்தான் பார்க்க வேண்டும். ‘நிபந்தனை அறிவு’ என்றே எழுதினால் என்ன?

இறையியல் ஆசிரியை:
அது பொருளையே கெடுத்துவிடும். தேவன் நிபந்தனையோடு அறிவதில்லை. நிபந்தனைக்குட்பட்டதை நிச்சயமாக அறிகிறார். மொலினா காக்க நினைத்தது இந்த வேறுபாட்டைத்தான். டொமினிக்கர் என்ற துறவற சபையாரின் தரப்பு அடித்ததும் இங்கேதான்: அப்படியானால் தேவனுடைய அறிவு மனிதனுடைய தெரிவைச் சார்ந்து நிற்கிறதா? ரோமாபுரியில் 1598 முதல் 1607 வரை இந்த வழக்கு நடந்தது. போப் ஐந்தாம் பவுல் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல் முடித்துவைத்தார். (தத்துவபோதகர் நொபிலி மதுரைக்கு வந்தது 1606. மொலினாவைப் போல அவரும் இயேசு சபையார். அப்போது வழக்கு முடிந்திருக்கவில்லை.)

‘மத்திம ஞானம்’ என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். வேதாகமத் தமிழில் ஞானம் என்றால் நீதிமொழிகளின் ஞானம். அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

எந்தச் சொல்லானாலும் 1 சாமுவேல் 23-ஐ வைத்து நடத்துங்கள். கேகிலா ஊரார் தன்னைச் சவுலிடம் ஒப்புக்கொடுப்பார்களோ என்று தாவீது கேட்கிறான். ‘ஒப்புக்கொடுப்பார்கள்’ என்கிறார் கர்த்தர். தாவீது ஏறக்குறைய 600 பேரோடு ஊரைவிட்டுப் போகிறான், ஒப்புக்கொடுத்தல் நடக்கவேயில்லை. ‘நீ இங்கே தங்கினால்’ என்பது வசனத்தில் இல்லை, தொக்கி நிற்கிறது. மத்தேயு 11:21-இல் தீரு, சீதோன் பட்டணங்களைப் பற்றி ‘மனந்திரும்பியிருப்பார்கள்’ என்று நிபந்தனையோடு வெளிப்படையாகவே வருகிறது.

தமிழாசிரியர்:
தொக்கி நிற்பதை எடுத்துக்காட்டத்தான் அம்மா ‘செயின்’ கேட்கிறேன்! வழக்கில் இல்லையென்று ஒதுக்கினால் எந்தச் சொல்தான் வழக்குக்கு வரும்?

மொழிபெயர்ப்பாளர்:
நேரமில்லை ஐயா. மூன்றையும் வரிசையாக வைக்கிறேன்: இயல்பறிவு, இடையறிவு, தீர்மான அறிவு. மூன்றாவதன் லத்தீன் பெயருக்கு ‘சுதந்திர அறிவு’ என்பது நேர்ச்சொல்தான்; ஆனால் அங்கே சுதந்திரம் தேவனுடைய தீர்மானத்துக்கு, அறிவுக்கல்ல. முதலில் வரும் இடத்தில் ‘தீர்மானத்துக்கு முந்திய இடையறிவு’ என்று விரித்து எழுதுகிறேன். நால்வர் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள்.

தமிழாசிரியர்:
என் சம்மதம் அதில் இல்லை. ‘இடை’ அந்த அறிவு நிற்கும் இடத்தைச் சொல்கிறது. எதை அறிகிறது என்பதைச் சொல்லவில்லை. ‘ஒப்புக்கொடுப்பார்கள்’ என்ற விடையில் இடை எங்கே என்று ஒரு மாணவன் கேட்டால் என்ன சொல்வீர்கள், அம்மா?