முட்டை ஓடு மெலிவதற்கும் இலை ஓரம் கருகுவதற்கும் ஒரே காரணம் இருக்க முடியுமா?

திருவொற்றியூர்க் கொல்லை:

வணக்கம். திருவொற்றியூரில், கடற்கரைக்கு நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் எங்கள் வீடு உள்ளது. பின்புறத்துச் சிறிய இடத்தில் கத்தரி, அவரை, ஓர் எலுமிச்சை ஆகியவற்றுடன் சில நாட்டுக்கோழிகளையும் வளர்த்து வருகிறோம். கோடை தொடங்கியதிலிருந்து முட்டைகளின் ஓடு மெலிந்து, கையில் எடுக்கும்போதே விரிசல் விடுகிறது. சில நாள்களில் ஓடே இல்லாத தோல்முட்டையும் கிடைக்கிறது. அதே காலத்தில் எலுமிச்சை, அவரை இரண்டின் இலை ஓரங்களும் தணலில் வாட்டியதுபோல் கருகுகின்றன. கத்தரிக்கு அவ்வளவு பாதிப்பில்லை. கோழிகள் சுறுசுறுப்பாகவே மேய்கின்றன.

அரிசி நொய், கம்பு, காசிமேட்டில் வாங்கும் கருவாட்டுத் தலைகளின் தூள் ஆகியவையே தீவனம். செடிக்கும் கோழிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான், ஆர்.ஓ. எனப்படும் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தின் கழிவுநீரும் தோட்டத்துக்கே போகிறது. எருவைக் கூட்டிலிருந்து எடுத்தவுடன் செடிகளின் அடியில் இடுகிறோம். எருவின் சூடுதான் காரணம் என்று என் மாமியாரும், வெயில்தான் என்று என் கணவரும் கூறுகிறார்கள்.

பெரம்பூர் மாடித்தோட்டம்:

உங்கள் மாமியார் சொல்வதை ஒதுக்கிவிட வேண்டாம், சகோதரி. பச்சைக் கோழி எருவிலிருந்து வெளிப்படும் அம்மோனியா இளவேர்களைத் தாக்கக்கூடியது. காய்ந்த இலையோ தென்னை நார்க்கழிவோ கலந்து, ஈரம் காயாமல் பார்த்து, அவ்வப்போது கிளறிவிட்டு, சூடும் நாற்றமும் முழுவதுமாக அடங்கிய பிறகே செடிக்கு இட வேண்டும். ஆனால் முட்டை ஓட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை.

எண்ணூர்வாசி:

இரண்டையும் இணைப்பது உப்பு என்பது என் கருத்து. மீஞ்சூரிலிருந்து எண்ணூர் வரையிலான கடலோரப் பகுதியில், நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்தது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. உங்கள் பக்கத்திலும் கோடையில் கிணற்று நீர் கரிப்பது புதிதன்று. முட்டையிடும் கோழி உப்பு மிகுந்த நீரைத் தொடர்ந்து குடித்தால் ஓட்டின் தரம் குறையும் என்பது ஆய்வுகளில் நிறுவப்பட்ட ஒன்று. வெயில் காலத்தில் கோழி வழக்கத்தைவிட அதிகமாக நீர் அருந்துவதால், அதன் உடலில் சேரும் உப்பும் கூடுகிறது. அதற்கு மேல் கருவாட்டுத் தூள் வேறு. கருவாடு தர வேண்டுமானால், உப்பிடாமல் வெயிலில் மட்டும் உலர்த்திய நெத்திலியைக் கேட்டு வாங்குங்கள்.

ஆர்.ஓ. கழிவுநீரைத் தோட்டத்துக்கு விடுவதைச் சிக்கனம் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இயந்திரம் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்த நீரில்தான் இருக்கிறது. ஆகவே, ஏற்கெனவே உவர்ப்பான கிணற்று நீரைவிடக் கெட்ட நீரை மண்ணில் ஊற்றுகிறீர்கள். அதைக் கழிவறைக்குப் பயன்படுத்தலாம். எலுமிச்சையும் அவரையும் உப்பைத் தாங்காதவை, கத்தரி ஓரளவு தாங்கும் என்பதால், உங்கள் தோட்டத்தில் கருகும் வரிசையும் இதற்குப் பொருந்தி வருகிறது. அவரைக்கு மாற்றாகக் கொத்தவரையும் பருப்புக்கீரையும் போட்டுப் பாருங்கள். பருப்புக்கீரையைக் கோழிகளும் விரும்பித் தின்னும். நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் மலிவான டிடிஎஸ் மானி ஒன்றை வாங்கிக் கிணற்று நீரையும் கழிவுநீரையும் அளந்துவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும். குடிநீரில் இந்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்பது இந்தியத் தர நிர்ணய அளவு.

மாதவரம் பால்பண்ணை:

எண்ணூர் நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் உப்பு மட்டுமே காரணம் என்று முடிவு கட்ட மாட்டேன். உங்கள் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. ஓர் ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் தேவை. நொய்யிலும் கம்பிலும் அது பெயரளவுக்குத்தான் உண்டு. முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 விழுக்காடு வரை கால்சியம் சேர்ப்பது இதற்காகவே. கருப்பையில் ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது என்பதால், உடைத்த கிளிஞ்சலை மாலை வேளையில் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தேவையான அளவைக் கோழியே எடுத்துக்கொள்ளும்.

உங்கள் கணவர் சொல்வதிலும் உண்மை உண்டு. வெப்பத்தில் கோழி வாய் திறந்து இளைக்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட்டு உருவாவது குறைகிறது. தென்னங்கீற்றுப் பந்தல் ஒன்று போட்டாலே நல்ல மாற்றம் தெரியும். ஓடு சுருக்கம் விழுந்து, வெள்ளைக்கருவும் நீர்த்து, கோழிகள் தும்மவும் தொடங்கினால் அது நோயின் அறிகுறி. அப்போது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

திருவொற்றியூர்க் கொல்லை:

மிக்க நன்றி. கோழிகளுக்கு இனி சென்னைக் குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ குடிநீரையே வைக்கலாம் என்றிருக்கிறோம். அதிலுள்ள குளோரின் கெடுதல் செய்யுமா? மண்ணில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட உப்பை என்ன செய்வது?

எண்ணூர்வாசி:

அந்த அளவு குளோரின் கோழிக்குக் கெடுதல் செய்யாது. மனம் ஒப்பவில்லையென்றால் அகன்ற பாத்திரத்தில் இரவு முழுவதும் திறந்து வைத்துவிட்டுக் கொடுங்கள். மண்ணைப் பொறுத்தவரை, நம் பகுதியின் மணற்பாங்கான நிலத்தில் உப்பு எளிதில் கீழே இறங்கிவிடும் என்பது ஒரு வசதி. வடகிழக்குப் பருவமழையின்போது மொட்டைமாடி நீரின் ஒரு பகுதியைப் பாத்திகளின் மேல் தேங்கி இறங்கும்படி திருப்பிவிடுங்கள். அதுவரை எலுமிச்சைக்கு மட்டுமாவது நல்ல நீரை, நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்றாமல், இடைவெளி விட்டு வேர்ப்பகுதி முழுவதும் நனையும்படி ஊற்றி, மேலே சருகு மூடாக்குப் போட்டு வையுங்கள்.