மோரிசிக்கும் ரஞ்செராவுக்கும் என்ன சம்பந்தம்?

பழைய_வானொலி:
இசைப் பகுதியில் நேற்று கூத்தன் எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் வளர்ந்த, ஸ்மித்ஸ் ராக் குழுவின் முன்னாள் பாடகரான மோரிசியைத் தெற்குக் கலிபோர்னியாவின் மெக்சிக்க-அமெரிக்க இளைஞர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவதற்கு, அவர் பாட்டில் மெக்சிக்க மரபுப் பாட்டு வகையான ரஞ்செராவின் சோகம் இருப்பதே காரணம் என்று தீர்ப்பு வழங்கியிருக்கிறார். இது 2000-களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்கப் பத்திரிகைகள் அரைத்துவரும் மாவு. உண்மைக் காரணம் லாஸ் ஏஞ்சலஸின் கே.ஆர்.ஓ.க்யூ வானொலி. எண்பதுகளில் 106.7 அலைவரிசையில் ஸ்மித்ஸ் குழுவின் பாடல்கள் ஒலித்தன, கேட்டவர்கள் ரசிகர்களானார்கள், அவர்களில் பலர் மெக்சிக்க-அமெரிக்கர்கள் நிறைந்த கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள். அவ்வளவுதான்.

கூத்தன்:
வானொலியாரே, ஸ்மித்ஸ் 1987-இலேயே கலைந்துவிட்டது. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகள் எந்த வானொலியைக் கேட்டு மயங்கினார்கள்? ரஞ்செரா பாடிய விசென்டே ஃபெர்னாண்டஸும் ஹுவான் கப்ரியேலும் நாள்தோறும் ஒலித்த வீட்டில் வளர்ந்தவனுக்கு, கைவிடப்பட்டவனின் வலியைக் கூச்சமில்லாமல், நடுவே கொஞ்சம் நக்கலும் கலந்து, உரக்கப் பாடும் ஒரு குரல் எப்படி அந்நியமாக இருக்கும்? அது ரஞ்செரா இல்லையென்றால் வேறென்ன?

பழைய_வானொலி:
அண்ணனின் கேசட் தம்பிக்கு வந்தது. அதற்கு ரஞ்செரா தேவையில்லை. சிந்தசைசர் இசைக்கும் பிரிட்டிஷ் குழுவான டெப்பெஷ் மோடையும் இதே வானொலிதான் ஒலிபரப்பியது. 1988-இல் அவர்கள் ரோஸ் பவுல் மைதானத்தையே நிரப்பினார்கள். லத்தீன் இளைஞர்களிடம் இன்றும் அவர்களுக்குப் பெருங்கூட்டம் உண்டு. அந்தச் சிந்தசைசரிலும் ரஞ்செராவைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

விட்டியர்_மல்லிகா:
நீங்கள் இருவருமே ஏட்டுச் சுரைக்காயை வைத்துச் சண்டையிடுகிறீர்கள். ஹோசே மால்டொனாடோ மோரிசியின் பாடல்களைப் பாடும் ஸ்வீட் அண்ட் டெண்டர் ஹூலிகன்ஸ் குழுவின் நிகழ்ச்சிக்குப் போயிருக்கிறேன். மோரிசியைப் போலவே எண்ணெய் தடவி உயர்த்திய முன்மயிரும், கீழே மடித்துவிட்ட ஜீன்ஸும், அதன் பின்பையில் கிளாடியோலஸ் பூவுமாக வந்திருந்த ஒரு பையன், மேடையேறிப் பாடகரைக் கட்டிக்கொண்டு அழுதான். மோரிசியின் பெற்றோர் டப்ளினிலிருந்து மான்செஸ்டருக்குக் குடிபெயர்ந்தவர்கள். வீட்டில் ஒரு நாடு, தெருவில் ஒரு நாடு என்று வளர்ந்தவர்களுக்கு அந்தத் தவிப்பு புரியும்.

கூத்தன்:
அழுதான் என்று நீங்களே சொல்கிறீர்கள், அம்மணி. ரஞ்செராவைக் கேட்டும் அப்படித்தான் அழுவார்கள்.

பழைய_வானொலி:
அழுகையெல்லாம் ரஞ்செரா என்றால் வெங்காயம் நறுக்குவதும் ரஞ்செராதான்.

கூத்தன்:
நக்கல் வாதமாகாது. மெக்ஸ்ரிசி குழுவின் 2016 இசைத்தொகுப்பைக் கேளுங்கள். மோரிசியின் பாடல்களை ஸ்பானிய மொழியில், டிரம்பெட்டும் அக்கார்டியனும் சேர்த்துப் பாடியிருக்கிறார்கள்; எங்கேயும் ஒட்டுப்போட்டதாகத் தெரியவில்லை. உள்ளே ரஞ்செரா இல்லாமலா இப்படிப் பொருந்துகிறது?

பழைய_வானொலி:
மெக்ஸ்ரிசியைத் தொடங்கிய கமிலோ லாரா மெக்சிகோ நகரத்துக்காரர். நாம் பேசுவது லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து ஆங்கிலத்தில் படித்த பிள்ளைகளைப் பற்றி. இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுவது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. வட மெக்சிக்க இசைக்கு அக்கார்டியன் ஜெர்மானியக் குடியேறிகள் வழியாக வந்தது என்று சென்ற மாதம் நான் எழுதியபோது பதில் சொல்லாமல் நழுவினீர்கள். அது எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது.

கூத்தன்:
நான் நழுவவில்லை. உங்கள் ஆணவத்துக்குப் பதில் எழுத நேரமில்லை, அவ்வளவே.

நிலவன்:
ஐயாமார்களே, 2018-இல் ஃபார் பிரிட்டன் என்ற பிரிட்டனின் இஸ்லாமிய எதிர்ப்புக் கட்சியை இந்த மோரிசி வெளிப்படையாக ஆதரித்தார். குடியேற்றத்தைப் பழிப்பவரைக் குடியேறிகளின் பிள்ளைகள் ஏன் சுமக்க வேண்டும் என்பதல்லவா கேள்வி?

பழைய_வானொலி:
தம்பி, அது வேறு திரி. ஒருவரின் அரசியல் கேவலமாக இருப்பதால், அவர் வானொலியில் ஒலித்த வரலாறு மாறிவிடாது.

நிலவன்:
உங்களுக்கு நான் தம்பி இல்லை. என் வயது உங்களுக்குத் தெரியாது.

விட்டியர்_மல்லிகா:
நிலவன் கேட்டதில் தவறில்லை. இங்கே அவருடைய இசைத்தட்டுகளைத் தூக்கி எறிந்தவர்களும் இருக்கிறார்கள், பாட்டு வேறு ஆள் வேறு என்று சொல்லித் தொடர்ந்து கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2017 நவம்பர் 10-ஐ லாஸ் ஏஞ்சலஸ் மாநகர மன்றம் மோரிசி நாள் என்று அறிவித்ததையும் மறந்துவிடாதீர்கள்.

பழைய_வானொலி:
பார்த்தீர்களா, அது லாஸ் ஏஞ்சலஸ் மாநகர மன்றம். கே.ஆர்.ஓ.க்யூ ஒலித்த நகரம். ரஞ்செராவுக்குப் பேர்போன மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலம் அறிவிக்கவில்லையே! ரஞ்செராதான் காரணம் என்றால், முதல் மாலை அங்கிருந்தல்லவா வந்திருக்க வேண்டும்?

கூத்தன்:
மோரிசியின் 2004 தொகுப்பில் ஹெக்டர் என்ற தெருக்கும்பல் இளைஞனின் சாவைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. செத்தவனைப் பழிக்காமல் செல்லம் கொஞ்சுகிற அந்தத் தொனி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் யோசியுங்கள்.

பழைய_வானொலி:
அவர் லாஸ் ஏஞ்சலஸில் பல ஆண்டுகள் வசித்ததிலிருந்து வந்தது. நாளை காலை வானொலி வரலாற்றை விரிவாக எழுதுகிறேன். அதற்குள் யாரும் ரஞ்செரா என்று எழுத வேண்டாம்.

கூத்தன்:
ரஞ்செரா.