பலாவில் தாய்மரம் தேர்ந்தெடுக்கப் பழத்தின் தரத்தை எப்படி மதிப்பிடுவது?

வினா (காடாம்புலியூர், பண்ருட்டி வட்டம்)
வணக்கம். எங்கள் தோப்பில் விதை ஊன்றி வளர்த்த பலா மரங்களில் ஒவ்வொன்றின் சுளையும் ஒவ்வொரு விதமாக இருப்பதால், சிறந்ததைத் தேர்ந்து ஒட்டுக்கன்று கட்ட விரும்புகிறேன். ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியில் பிரிக்ஸ் (சாற்றில் கரைந்துள்ள சர்க்கரையின் அளவு) பார்த்தால் ஒரே மரத்தின் இரண்டு பழங்கள்கூட வெவ்வேறு அளவு காட்டுகின்றன. எந்த அளவை நம்புவது?

மறுமொழி 1 (பாலூர்)
ஐயா, முதிர்ச்சி ஒன்றாக இல்லாத பழங்களை ஒப்பிட்டால் மரத்தின் குணம் தெரியாது. முள் விரிந்து மழுங்கி, தட்டினால் மந்தமான ஓசை வரும் பருவத்தில் எல்லா மரத்திலும் வெட்டி, ஒரே நிழலில் பழுக்க வைத்து, வாசம் வந்து தோல் அழுத்தத்துக்கு இளகிய அன்றே அறுங்கள். காம்புப் பக்கம், நடு, அடிப்பக்கம் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் சுளை எடுத்துச் சாற்றைக் கலந்து அளக்க வேண்டும். கருவி 20 பாகை செல்சியசுக்குத் தானாகத் திருத்தம் செய்யாத வகையென்றால், நம் வெயிலில் அளவு குறைத்தே காட்டும். மழைக்குப் பின் வெட்டிய பழத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள். ஒரு பருவத்து விளைச்சலை மட்டும் பார்த்து ஒட்டுக் கட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 2 (புதுச்சேரி)
பிரிக்ஸ் இனிப்பை மட்டுமே சொல்லும். பேரிக்காய் இனவிருத்தியில் சதையில் நெருடும் கல்செல்கள், சாறு, மென்மை ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிடுவார்கள். இனிப்பு மிகுந்தும் நெருடல் மிகுந்த பழம் கழிக்கப்படும். பலாவுக்கும் அப்படியே சுளையின் உறுதி, மணம், நார், பால் ஒட்டும் அளவு ஆகியவற்றுக்குத் தனித்தனி மதிப்பெண் தேவை. சுவைப்பவருக்கு மரத்தின் பெயர் தெரியக்கூடாது; கிண்ணத்தில் எண் மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் பாலூர் 1 என்ற பலா இரகத்தின் பழம் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். அந்த இரகமும் பணிக்கன்குப்பத்து உள்ளூர் மரத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதுதான். அதைவிட மேலானது எது என்று கேட்டால்தான் மதிப்பெண்ணுக்குப் பொருள் உண்டு.

வினா கேட்டவர்
மிக்க நன்றி. பழத்தின் எடையையும் கணக்கில் கொள்ள வேண்டுமா?

மறுமொழி 1 (பாலூர்)
முழு எடையைவிட, கொட்டை நீக்கிய சுளை அதில் எத்தனை விழுக்காடு என்பதே முக்கியம். பெரிய பழத்தில் பெரும்பகுதி சக்கையாகவே போவதுண்டு. வாங்குபவர் சுளைக்குத்தான் விலை தருகிறார்.