ஆன்டெலோப் கேன்யன்: மாமனாருக்கு முட்டி வலி, கைல குழந்தை, அப்பர் போறதா லோயர் போறதா?

டல்லாஸ் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். மாமனார் மாமியார் ஜூன் முதல் வாரம் ஊர்ல இருந்து வர்றாங்க, ஆகஸ்ட் கடைசி வரைக்கும் இங்கதான். வேகாஸ்ல இறங்கி வேன் எடுத்துக்கிட்டு யூட்டால ஸையன் பார்க், ஆன்டெலோப் கேன்யன் இருக்கற அரிசோனா பேஜ் ஊரு, கிராண்ட் கேன்யன் சவுத் ரிம்னு ஒரு சுத்து சுத்தலாம்னு ப்ளான். மாமியார் யாரோ அனுப்புன வீடியோல அந்த ஆரஞ்சு பாறைக்கு நடுவுல வெளிச்சம் தூணா இறங்குறத பாத்துட்டாங்க, அதுலேர்ந்து தினமும் போன்ல அதே பேச்சுதான், "அந்தக் குகைக்குக் கூட்டிட்டுப் போவீங்கல்ல"ன்னு. பிரச்சன என்னன்னா மாமனாருக்கு 71 வயசு, வலது முட்டி ஆபரேஷன் ஆனது, நல்லா நடப்பாரு ஆனா படி இறங்கத்தான் சிரமம். அவர்கிட்ட கேட்டா "எனக்கென்னம்மா, நான் ஏறிடுவேன்"னு சொல்லிடுவாரு, அத நம்பி டிக்கெட் போட முடியாது. கூட 6 வயசுப் பொண்ணு, 10 மாசக் கைக்குழந்தை. வீட்டுக்காரருக்கு லீவு ஜூலை கடைசிலதான் சுலபமா கிடைக்கும்.

இந்த ஆன்டெலோப் கேன்யன்ல அப்பர், லோயர்னு தனித்தனியா ரெண்டு பாறை இடுக்கு இருக்காமே, ரெண்டுல எது? கைடு இல்லாம நம்மளே போயி பாத்துட்டு வர முடியாதா, கூட்டத்தோட போனா குழந்தை அழுதா என்ன பண்றதுன்னு யோசனையா இருக்கு. போயிட்டு வந்தவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன்.

ஃபீனிக்ஸ் வாசி:

கைடு இல்லாம முடியவே முடியாதுங்க. அது நவாஹோங்கற பூர்வகுடி மக்களோட நிலம், அவங்க அனுமதி வாங்குன டூர் ஆட்களோடதான் உள்ள போக முடியும், டூர் காசு போக நவாஹோ பெர்மிட் கட்டணம் தலைக்கு இவ்ளோன்னு தனியா சேரும். புக் பண்றப்ப முதல் பக்கத்துல காட்டுற ரேட்ட பாத்துட்டு ஏமாந்துடாதீங்க, பெர்மிட்டு வரி எல்லாம் சேத்து கடைசில என்ன வருதுன்னு பாருங்க. அப்பர்ல மதியம் 11ல இருந்து 1 மணி வரைக்கும் உள்ள ஸ்லாட்டுக்கு பெரியவங்களுக்கு நூறு டாலருக்கு மேலயே ஆகும், லோயர் அதவிட சல்லிசு.

உங்க மாமியார் கேக்குற அந்த வெளிச்சத் தூண் அப்பர்லதான் நல்லா விழும். அதோட சுவர் கீழ அகலமாவும் மேல குறுகலாவும் இருக்கறதால சூரியன் தலைக்கு நேரா வர்றப்ப அந்த இடுக்கு வழியா மட்டும் உள்ள இறங்கும், மார்ச் கடைசில இருந்து அக்டோபர் ஆரம்பம் வரைக்கும், அதுவும் உச்சி வெயில் நேரத்துல. காத்துல மிதக்குற புழுதில பட்டுத்தான் வெளிச்சம் கண்ணுக்கே தெரியும். லோயர் அப்படியே தலைகீழ், மேல திறந்து கீழ ஒடுங்கி இருக்கும், சில இடத்துல ஒரு காலுக்கு முன்னாடி இன்னொரு கால வச்சாத்தான் தரையே இருக்கு. கலர் ரெண்டுலயும் அள்ளும், என்னக் கேட்டா லோயர்தான் இன்னும் அழகு. ஆனா அதுக்குள்ள இறங்கவே செங்குத்தா இரும்புப் படி, உள்ளயும் அங்கங்க ஏணி மாதிரி படி. மாமனாருக்கு வேணாம். அப்பர் சமதரை, வண்டில கொண்டுபோயி வாசல்லயே விடுவாங்க, கவலையே இல்ல.

மணல்வீடு:

மேல சொன்னவர் சொல்றது பழைய ரூட்டுங்க. முன்னெல்லாம் அப்பர்ல உள்ள போயி அதே வழியா திரும்பி வரலாம். கோவிடுக்கு மூடி 2021 ஜூலைல திறந்தப்புறம் ஒருவழிப் பாதை ஆக்கிட்டாங்க. உள்ள நடக்குறது சமதரைதான், சரி, ஆனா அந்தப் பக்கமா வெளிய வந்ததும் பாறைக்கு மேல போட்டிருக்கற இரும்புப் படியும் சரிவுப் பாதையும் ஏறி இறங்கித்தான் வண்டி நிக்கிற இடத்துக்கு வரணும், அதுவும் நிழலே இல்லாத வெட்டவெளில. நிறைய ப்ளாக்ல இன்னும் "அப்பர்ல படியே கிடையாது"ன்னு எழுதி வச்சிருக்கான், அத நம்பி வீல்சேர்ல வர்றவங்க எல்லாம் உண்டு. எங்க அம்மாவோட போனப்ப கைப்பிடியப் பிடிச்சு நின்னு நின்னு வந்துட்டாங்க, கைடும் அவசரப்படுத்தல. கைப்பிடி இருக்கு, லோயர் அளவுக்கு செங்குத்து இல்ல. படி *இறங்குறதுதான்* அவருக்குக் கஷ்டம்னா அந்தக் கேள்விய மட்டும் புக் பண்றதுக்கு முன்னாடி டூர்காரங்களுக்கு போன் போட்டுக் கேளுங்க, வெப்சைட்ல படிச்சா போதாது.

இன்னொன்னு குழந்தைங்க விஷயம். அப்பருக்கு மணல் ஓடைக்குள்ள குலுங்கிக் குலுங்கி வண்டில போகணும், அதனால 8 வயசுக்குக் கீழ இருந்தா கார் சீட்டோ பூஸ்டரோ நீங்களே கொண்டு வரணும்னு கேப்பாங்க. சில டூர்ல கைக்குழந்தைய ஏத்தவே மாட்டாங்க. லோயருக்கு வண்டி கிடையாது, நடந்துதான் போகணும், ஆனா அங்க முதுகுல மாட்டுற கேரியருக்கு அனுமதி இல்ல, நெஞ்சுல மாட்டுறதுதான். அந்த இடுக்குல முதுகுல குழந்தையோட திரும்புனா அது தலை போயி பாறைல இடிக்கும், அதான் காரணம். ஸ்ட்ரோலர் ரெண்டுலயும் வேலைக்கு ஆகாது.

ஓடைக்காரன்:

எல்லாரும் அப்பரா லோயரான்னு பேசுறீங்க, ஜூலை கடைசிங்கறத யாரும் கண்டுக்கலையே. அரிசோனால ஜூலைல இருந்து செப்டம்பர் நடு வரைக்கும் மழைக்காலம், அதுதான் இந்தக் கேன்யனுக்கு ஆகாத நேரம். 1997 ஆகஸ்ட் 12ல லோயருக்குள்ள இருந்த 11 டூரிஸ்டுங்க வெள்ளத்துல போயிட்டாங்க. கேன்யன் இருந்த இடத்துல மழையே பெருசா இல்ல, பல மைல் தள்ளி மேட்டுல கொட்டுன மழை. அந்தப் பக்கம் மண்ணும் பாறையும் தண்ணிய குடிக்காது, பெஞ்சதெல்லாம் ஓடைல சேந்து அப்படியே இந்த இடுக்குக்குள்ள சுவர் மாதிரி வந்து அடிக்கும், உள்ள இருக்கறவனுக்கு ஓட இடம் ஏது. அப்ப இருந்த மரஏணியையும் அடிச்சிட்டுப் போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் பாறைல போல்ட் போட்ட இரும்புப் படி, வானிலை ரேடியோ, சைரன் எல்லாம் வந்துச்சு. இப்ப மேல எங்கயாவது இடி இடிக்குதுன்னாலே டூர நிறுத்திடுவாங்க, காசு திரும்பக் கிடைக்கும்.

பயமுறுத்தல, இப்ப கைடோட போறது பாதுகாப்புதான். நான் சொல்ல வர்றது வேற: அவ்ளோ தூரம் வயசானவங்கள கூட்டிட்டு வந்து, ஹோட்டல் போட்டு, காலைல போன் வந்து இன்னைக்கு கேன்சல்னா உங்க ப்ளான் மொத்தமும் போச்சு. அவங்க ஜூன் முதல் வாரமே வர்றாங்கல்ல, வீட்டுக்காரர் கை கால்ல விழுந்தாவது ஜூன் நடுவுல லீவு வாங்கட்டும். வெயில் கொளுத்தும், ஆனா வறண்ட மாசம். கேன்யனுக்குள்ள வெளிய விட குளுமையாத்தான் இருக்கும். வெளிச்சத் தூணும் ஜூன்ல நல்லா விழும், சூரியன் அப்பதான் உச்சத்துல.

டல்லாஸ் மருமகள்:

அய்யோ இவ்ளோ இருக்கா. 97 விஷயத்த மாமியார்கிட்ட சொல்லப் போறதில்ல, சொன்னா விமானமே ஏற மாட்டாங்க. வீட்டுக்காரர் மேனேஜர்கிட்ட ஜூன் கேட்டுப் பாக்குறேன்னு சொல்லிட்டாரு.

இப்ப என் யோசனை இதுதான், அப்பருக்கு மாமியார், பொண்ணு, நான் மூணு பேரு மட்டும் போறது, மாமனாரும் அவரும் குழந்தைய வச்சுக்கிட்டு வெளிய இருக்கறது. அந்த வெயில்ல ரெண்டு ஆம்பளைங்க 10 மாசக் குழந்தையோட எங்க உக்காருவாங்க? அப்புறம் மாமியார் புடவைதான் கட்டுவாங்க, அந்த இரும்புப் படில பரவால்லயா?

மணல்வீடு:

நல்ல யோசனை, எல்லாரும் ஒண்ணாப் போயே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்ல. கிளென் கேன்யன் அணைக்கட்டு பக்கத்துலயே கார்ல் ஹேடன் விசிட்டர் சென்டர் இருக்கு, பேஜ் ஊர்ல இருந்து கார்ல சில நிமிஷம்தான், ஏசி, பாத்ரூம் எல்லாம் உண்டு, கண்ணாடி வழியா 710 அடி உயர அணை, கீழ கொலராடோ ஆறு. அணைன்னா பெரியவங்க ஒரு மணி நேரம் நின்னு பாப்பாங்க, உங்க மாமனார் திரும்பி வந்து உங்களுக்கே கணக்கு சொல்வாரு பாருங்க. கொலராடோ ஆறு குதிரை லாடம் மாதிரி வளையற ஹார்ஸ்ஷூ பெண்டுக்கு வேணும்னா எல்லாருமா சாயங்காலம் போங்க, ஆனா அங்க கம்பி வேலி பாக்குற இடத்துல ஒரு பகுதிக்கு மட்டும்தான், மத்தபடி விளிம்பு அப்படியே திறந்து கெடக்கும், பொண்ணு கைய விடாதீங்க.

புடவைய கொஞ்சம் தூக்கிச் சொருகிட்டா போதும், கால்ல மட்டும் செருப்பு வேணாம், ஷூ போட வைங்க. மணல் உள்ள போகும், அது யாரையும் விடாது. பைன்னு எதுவும் எடுத்துட்டுப் போக முடியாது, ஹேண்ட்பேக், டயப்பர் பேக், சின்ன ஸ்லிங் பேக்கூட விட மாட்டாங்க, ட்ரைபாடும் செல்ஃபி ஸ்டிக்கும் அதே கதைதான். தண்ணி பாட்டில், போன் கைல. மாமியாரோட மாத்திரைய நீங்க பாக்கெட்ல வச்சுக்கோங்க.

ஃபீனிக்ஸ் வாசி:

டைம் விஷயத்த சொல்லாம விட்டுட்டேன், இதுல மாட்டுறவங்கதான் அதிகம். கோடைல கடிகாரத்த ஒரு மணி நேரம் கூட்டி வைக்கற பழக்கம் அரிசோனால கிடையாது, யூட்டால உண்டு, நவாஹோ மக்களோட பகுதியான நவாஹோ நேஷன்லயும் உண்டு. நீங்க ஸையன்ல இருந்து வர்றப்ப போன் ஒரு மணி நேரம் கூட்டிக் காட்டும், பேஜ் வந்ததும் சரியாகும், கேன்யன் பக்கம் போனா எந்த டவர் கிடைக்குதோ அதப் பொறுத்து மறுபடி தாவும். ஆன்டெலோப் டூரெல்லாம் பேஜ் நேரம்தான், அதாவது ஃபீனிக்ஸ் நேரம். போன்ல ஆட்டோ டைம ஆஃப் பண்ணிட்டு ஃபீனிக்ஸ்னு செட் பண்ணிடுங்க. அரை மணி முன்னாடி போயி நிக்கணும், லேட்டா போனா டிக்கெட் காசு திரும்ப வராது.

இன்னொன்னு, அப்பரும் லோயரும் 98ஆம் நம்பர் ரோட்டுக்கு எதிரெதிர் பக்கம். சில அப்பர் டூர் பேஜ் ஊருக்குள்ள ஆபீஸ்லயே ஏத்திக்குவாங்க, சிலது ரோட்டோரம் இருக்கற பார்க்கிங்ல. ஜிபிஎஸ்ல சும்மா ஆன்டெலோப் கேன்யன்னு போடாம, கன்ஃபர்மேஷன் மெயில்ல உள்ள அட்ரஸ போடுங்க.

டல்லாஸ் மருமகள்:

ஜூன் நடுவுல லீவு ஓகே ஆயிடுச்சு! அப்பர் மதிய ஸ்லாட் அந்த வாரம் முழுக்க காலி இல்லன்னு காட்டுது, காலைல 9 மணிக்குத்தான் இருக்கு. தூண் விழாதுன்னு மாமியார்கிட்ட யாரு சொல்றது?

ஓடைக்காரன்:

ஒரே ஒரு கம்பெனி வெப்சைட்ட மட்டும் பாக்காதீங்க, அப்பருக்கே நாலஞ்சு பேர் டூர் நடத்துறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி ஸ்லாட். 3 பேரா சேத்துத் தேடாம 2, 1னு பிரிச்சும் தேடிப் பாருங்க.