அலுவலக மின்னஞ்சலே பயனர்பெயர்: வேலையை விட்டபின் மாற்ற வழி உண்டா?

குடைக்காரர்:
படங்களைச் சேமிக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறேன், பதினோரு ஆண்டுகளாக. தொடங்கிய அன்று வாய்க்கு வந்த அலுவலக முகவரியைக் கொடுத்தேன். அதுவே பயனர்பெயராக நின்றுவிட்டது. போன மாதம் வேலையை விட்டேன். அன்று மாலையே அஞ்சல்பெட்டியை மூடிவிட்டார்கள். கடவுச்சொல் நினைவிருக்கிறது, உள்ளே போக முடிகிறது. முகவரியை மாற்றப் போனால் மட்டும், "பழைய முகவரிக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறோம்" என்கிறது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. என்ன செய்யலாம்?

நள்ளிரவு நிரலர்:
முதலில் படங்களைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் பிறகு. இப்படிச் சேவைகளை எழுதுபவர்கள், பயனர் விவரங்களை வைக்கும் தரவுத்தளத்தில் ஒவ்வொருவருக்கும் மாறாத எண் ஒன்றைக் கொடுத்து, முகவரியை அதன்கீழ் ஒரு விவரமாக மட்டும் வைக்க வேண்டும். முகவரியையே ஆளாக்கிவிட்டால், அதை மாற்றுவது ஆளையே மாற்றுவது போலாகிவிடும். (திட்டிவிடாதீர்கள், முதல் வேலையில் நானும் அப்படித்தான் எழுதினேன்.)

பழங்கணக்கு:
எனக்குப் பயம் வேறு. அந்த முகவரி இன்னும் நிறுவனத்துடையது. யாராவது அதை மறுபடி திறந்து "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்பதை அழுத்தினால் போதும், உங்கள் படங்கள் அவர் கையில். இலவச முகவரியும் நிரந்தரமில்லை. 2013-இல் யாஹூ, ஓராண்டுக்கும் மேல் திறக்கப்படாத பெயர்களை வேறு ஆட்களுக்குக் கொடுத்தது. பழையவர்களுக்கு வந்த அஞ்சல்கள் புதியவர்களிடம் போய்ச் சேர்ந்தன.

குடைக்காரர்:
தூக்கம் போயிற்று. அப்படியென்றால் தனிப் பயனர்பெயரே மேலா?

நள்ளிரவு நிரலர்:
அதுவும் தொல்லைதான். நல்ல பெயரெல்லாம் முன்பே போயிருக்கும், வால் எண் சேர்த்து வைப்பீர்கள், ஆறு மாதத்தில் அந்த எண் மறந்துவிடும். மின்னஞ்சல் மறக்காது, இன்னொருவரோடு மோதாது. அதனால்தான் எல்லாரும் அதைக் கேட்கிறார்கள். உங்கள் சொந்த முகவரியைக் கொடுங்கள், மீட்புக்கு இரண்டாவது முகவரி ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். இப்போதைக்குச் சேவைப் பிரிவுக்கு எழுதுங்கள்.

குடைக்காரர்:
எழுதினேன். கணக்கு தொடங்கிய மாதத்தைக் கேட்டார்கள். எங்கே நினைவிருக்கிறது! கடைசிவரை உருட்டிப் பார்த்தேன்: மாடிப்படியில் விரித்துக் காயவைத்த கறுப்புக் குடை, ஒரு கம்பி வளைந்தது. நான் ஏற்றிய முதல் படம். அதன் தேதியைச் சொன்னேன், முகவரியை மாற்றித் தந்துவிட்டார்கள். மாற்றிய தகவலைப் பழைய முகவரிக்கும் தெரிவித்திருக்கிறார்களாம்.