ஃபூஜி மலை: முழங்கால் வலி உள்ள அம்மாவுடன் பகோடா வரை போக வழி?

நவம்பர் நடுவில் அம்மாவுடன் ஜப்பான் போகிறேன். ஃபூஜி அடிவாரத்தில் கவாகுச்சிகோ ஏரிப் பக்கம் தங்கல். மலையேற்றம் எல்லாம் இல்லை, ஃபூஜியைக் கண்குளிரப் பார்த்தால் போதும். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வலி; சமதளத்தில் மெதுவாக நடப்பார், படி என்றாலே உட்கார்ந்துவிடுவார்.

ஏரியின் வடகரையில் ஓய்ஷி பூங்கா, அப்புறம் ஓஷினோ ஹக்காய் குளங்கள். இரண்டிலும் ஏற்றம் இல்லை, சரி. ஃபூஜி மலைமேல் பேருந்து போகும் இடமான ஐந்தாம் நிலையம் சுமார் 2,300 மீட்டர் உயரம். மூச்சு வாங்கும் என்று விட்டுவிட்டேன்.

சிக்கல், அம்மா ஆசைப்படும் அந்தச் சிவப்பு சூரெய்தோ பகோடாதான் (அடுக்குக் கோபுரம்). 398 படி! விடுதிக்கு எழுதிக் கேட்டால் படிக்கணக்கைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். வரைபடத்தில் படிகளுக்குப் பக்கத்தில் வளைந்து ஏறும் சரிவுப்பாதை தெரிகிறது. வண்டி போகுமா என்று புரியவில்லை.

வயதானவர்களை அழைத்துப் போனவர்கள் யாராவது, பகோடாவுக்குப் பக்கத்து ரயில் நிலையமான ஷிமோயோஷிதாவிலிருந்து டாக்சி எதுவரை போகும் என்று சொல்வீர்களா?