40 மெஷினிலிருந்து 120 மெஷின்: ஈஆர்பி, ஆட்டோ கட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் போடலாமா?

போலோகாரன்:

வணக்கமுங்க. திருப்பூரில் சின்ன கார்மெண்ட்ஸ் நடத்துகிறோம். அப்பா 12 பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) வைத்து ஜாப் ஒர்க்காக ஆரம்பித்தது, இப்போது 40 மெஷின், பெரும்பாலும் போலோ டி-ஷர்ட். ஐரோப்பிய பையர் ஒருவர் போன வருடத்தைப் போல மூன்று மடங்கு பீஸ் கேட்கிறார். 120 மெஷினுக்கு இடம் பேசியாகிவிட்டது.

பிரச்சினை வீட்டுக்குள்தான். தம்பி எம்பிஏ முடித்துவிட்டு வந்திருக்கிறான். ஈஆர்பி (ஆர்டர், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் சாப்ட்வேர்), ஆட்டோ கட்டர் (துணியைத் தானே வெட்டும் மெஷின்), மெஷினுக்கு ஒரு டேப்லெட், எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு ஏப்ரலில் புது ஆர்டர் ஓடும்போதே புது சிஸ்டமும் ஓடட்டும் என்கிறான். அப்பாவோ டிசி நோட்டு (சரக்கு வந்தது போனதை எழுதும் டெலிவரி சலான்) இருக்கும்போது எதுக்குடா டேப்லெட் என்கிறார். நான் இரண்டு பேருக்கும் நடுவில்.

இத்தனை நாளாக ஃப்ளோரில் ஒரு சுற்று வந்தாலே எந்த ஸ்டைல் எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். போன மாதம் 600 காலர் எங்கே போனது என்று இரண்டு நாள் தேடினோம். காலர் நிட்டிங்காரர் கொடுத்துவிட்டேன் என்கிறார், எங்கள் பக்கம் வரவில்லை என்கிறோம். கடைசியில் அயர்னிங் டேபிளுக்கு அடியில் கிடந்தது. 40 மெஷினிலேயே இப்படி என்றால் 120-ல் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோடவுன் கணக்கு:

நான் அமெரிக்காவில் சப்ளை செயின் வேலையில் இருக்கிறேன். இங்கே இந்தத் துறையில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஹெர்ஷீஸ் சாக்லேட் கம்பெனி கதைதான், உங்கள் தம்பி சொல்லும் திட்டத்துக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது.

1990-களின் கடைசியில் 112 மில்லியன் டாலர் செலவில் மூன்று பெரிய சாப்ட்வேர்களை ஒன்றாகப் போட்டார்கள். 48 மாதம் ஆகும் என்று சொல்லப்பட்ட வேலை அது. 2000-ம் ஆண்டு கம்ப்யூட்டர் தேதிப் பிரச்சினை வருகிறதே என்று 30 மாதத்துக்குள் முடிக்கப் பார்த்தார்கள். ஏப்ரலில் ஓட வேண்டியது 1999 ஜூலைக்குத் தள்ளிப்போனது. ஜூலை என்றால் ஹாலோவீனுக்குக் கடைக்காரர்கள் ஆர்டர் கொட்டும் நேரம், வருடத்தில் அவர்களுக்கு நெருக்கடியான நேரங்களில் ஒன்று. விளைவு, சுமார் 100 மில்லியன் டாலர் மதிப்புள்ள ஆர்டரை நேரத்துக்கு அனுப்ப முடியவில்லை.

இதில் என்ன கூத்து என்றால், சாக்லேட் இருந்தது! சீசன் நேரத்தில் இடம் போதாமல் கிடைத்த மூலையில் எல்லாம் சரக்கு அடுக்கி வைப்பது அங்கே பழக்கம். அந்த மூலைகள் எதுவும் புது சிஸ்டத்தில் ஏறவில்லை. ஆட்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. உங்கள் அயர்னிங் டேபிளுக்கு அடியில் கிடந்த 600 காலர் மாதிரியேதான். அந்தக் காலரை எந்த ஈஆர்பியும் தானாகக் கண்டுபிடித்துக் கொடுக்காது, யாராவது என்ட்ரி போட்டிருக்க வேண்டும்.

அதே ஹெர்ஷீஸ் 2002-ல் அடுத்த பதிப்புக்கு மாறியபோது நன்றாக டெஸ்ட் செய்துவிட்டு மாறினார்கள், பெரிய தடங்கல் இல்லை. சாப்ட்வேரைக் குறை சொல்ல முடியாது. மாறிய நேரமும் மாறிய வேகமும்தான் காலை வாரின. ஏப்ரலை மட்டும் தொடாதீர்கள்.

ஒன்றரை ஷிப்ட்:

தம்பி, நான் இந்தத் தொழிலில் 31 வருடம். சாப்ட்வேர் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, பணம் தெரியும்.

மூன்று மடங்கு ஆர்டர் என்றதும் எல்லோரும் மெஷினைத்தான் எண்ணுகிறார்கள். நூலுக்குப் பணம் கொடுத்த நாளிலிருந்து பையர் பணம் வரும் நாள் வரை எண்ணிப் பார்த்தீர்களா? நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், தையல், கப்பல், அதற்குமேல் பையர் கேட்கும் 60 நாள். நான்கு மாதம் என்று வையுங்கள். மாதம் 50 லட்சம் செலவு ஓடும் கம்பெனிக்கு 2 கோடி வெளியே நிற்கும். மூன்று மடங்கானால் 6 கோடி. லாபத்தில் ஓடிக்கொண்டே சனிக்கிழமை சம்பளத்துக்குத் திண்டாடுவது அப்போதுதான். இந்த நேரத்தில் ஆட்டோ கட்டருக்கு டியூ வேறு கட்டினால் நூல்காரர் போனை எடுக்கப் பயப்பட வேண்டியதுதான். முதலில் பேங்கில் பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதி ஆர்டரைக் காட்டி வாங்கும் கடன்) லிமிட்டை எவ்வளவு ஏற்றித் தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள், அப்புறம் கட்டடத்துக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

இன்னொன்று. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஒரே நாட்டை நம்பி மெஷின் வாங்கிப் போட்டவர்கள் பட்ட பாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்களுடையது ஐரோப்பா, சரி. ஆனால் 120 மெஷினில் 80 மெஷின் ஒரே பையருக்கு ஓடினால், விலையை அவர்தான் சொல்வார்.

லே மாஸ்டர்:

மேலே அண்ணன் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் அதைக் கேட்டுவிட்டு அப்பா பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். ஐரோப்பிய யூனியனில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த எக்கோடிசைன் சட்டத்தில் பல வகைப் பொருள்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் என்று ஒன்று வருகிறது, துணிமணி அதில் முன்வரிசையில் இருக்கிறது. எந்த நூல், எந்தச் சாயப்பட்டறை என்று பையர் கேட்கும் நாளில் டிசி நோட்டைப் புரட்டிக்கொண்டு இருக்க முடியாது. போட்டே ஆக வேண்டும். எந்த வரிசையில் என்பதுதான் கேள்வி.

வரிசைக்கு டெஸ்லா கதையைச் சொல்கிறேன், எலான் மஸ்க்கே தன் வாயால் சொன்னது. மாடல் 3 தயாரிப்பில் பேட்டரிக்கு மேல் ஒரு ஃபைபர்கிளாஸ் பாய் வைப்பார்கள், அதற்கு ரோபோ போட்டார்கள். மெத்மெத்தென்று இருப்பதை எடுக்க ரோபோ தடுமாறியது. சரிசெய்தார்கள், வேகப்படுத்தினார்கள், நாள்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். பிறகுதான் இந்தப் பாய் எதற்கு என்று கேட்டார்கள். பேட்டரி டீம் சத்தத்தைக் குறைக்க என்றது, சத்தத்தைப் பார்க்கும் டீம் தீப்பிடிக்காமல் இருக்க என்றது. பாய் வைத்து ஒன்று, வைக்காமல் ஒன்று ஓட்டிப் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. பாயைத் தூக்கிவிட்டார்கள், ரோபோவும் போனது. அதிகமாக ஆட்டோமேஷன் செய்தது தன் தவறு என்று 2018 ஏப்ரலில் அவர் வெளிப்படையாகவே எழுதினார்.

உங்கள் ஃப்ளோரிலும் இப்படி ஒரு பாய் இருக்கும். பண்டிலை (வெட்டிய துணிக் கட்டை) கட்டிங்கில் ஒருவர், லைனில் ஒருவர், செக்கிங்கில் ஒருவர் என்று மூன்று பேர் எண்ணி மூன்று நோட்டில் எழுதுகிறார்கள் அல்லவா? அதை அப்படியே டேப்லெட்டில் ஏற்றினால் மூன்று டேப்லெட் வாங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஆட்டோ கட்டர் பற்றி: நான் 9 வருடம் கட்டிங் பார்த்தவன். போலோ விலையில் பாதிக்கு மேல் துணிதான், அதனால் மிச்சம் பிடிக்க வேண்டிய இடமும் அதுதான். அதற்கு மார்க்கர் (துணி வீணாகாமல் பாகங்களை நெருக்கி அடுக்கும் வரைபடம்) போடும் சாப்ட்வேரும் அதைத் தெரிந்த ஓர் ஆளும் முதலில் போதும், கட்டரைவிட எவ்வளவோ மலிவு. பின்னல் துணி ரோலில் இழுபட்டு வந்திருக்கும், பிரித்துப் போட்டு ஆறவிடாமல் லே போட்டால் (வெட்டுவதற்கு அடுக்கடுக்காக விரித்தால்) வெட்டியபின் சுருங்கி அளவு போய்விடும். கை கத்தியில் வெட்டினாலும் சுருங்கும், லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய கட்டரில் வெட்டினாலும் சுருங்கும். இதைப் பொறுமையாகச் செய்யும் கட்டிங் மாஸ்டரை விட்டுவிடாதீர்கள்.

போலோகாரன்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக நானும் தம்பியும் ஒரே ஒரு ஸ்டைலைப் பிடித்துக்கொண்டு, துணி வந்ததிலிருந்து பெட்டி கட்டும்வரை கூடவே நடந்து நோட்டில் எழுதினோம். லே மாஸ்டர் அண்ணா, மூன்று பேர் அல்ல, நான்கு பேர் எண்ணுகிறார்கள். நான்காவது ஆள் எதற்கு என்று கேட்டால், 2016-ல் ஒருமுறை பீஸ் குறைந்ததாம், அப்போது அப்பா போட்டது.

காலர் மர்மமும் தெரிந்துவிட்டது. நிட்டிங்காரர் ஆட்டோவில் அனுப்புகிறார், ஆட்டோக்காரர் வாட்ச்மேனிடம் போட்டுவிட்டுப் போய்விடுகிறார், வாட்ச்மேன் உள்ளே போகிற யாரிடமாவது கொடுத்துவிடுகிறார். இன்வர்ட், அதாவது உள்ளே வரும் சரக்கைப் பதிவு செய்வது, என்ற ஒன்றே இல்லை. இப்போது கேட்டில் ஒரு நோட்டும் பேனாவும் கயிறு கட்டித் தொங்குகிறது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், பார்த்தாயா நோட்டு என்கிறார்.

தம்பி ஏப்ரலை விட்டுவிட்டான். ஏப்ரல் ஷிப்மென்ட் போனபிறகு 20 மெஷினில் ஒரு லைன் மட்டும், அதுவும் இன்வர்டும் கட்டிங்கும்தான் முதலில். கட்டர் இப்போதைக்கு இல்லை. பேங்க் மேனேஜரை வியாழக்கிழமை பார்க்கிறோம். 120-ஐ 70 ஆக்கி, மீதியை வெளியே ஜாப் ஒர்க் கொடுக்கலாமா என்று பையரிடம் கேட்டிருக்கிறேன். வெளியே கொடுத்தால் ஆடிட் எல்லாம் அந்த யூனிட்டுக்கும் வேண்டும் என்கிறார்.

ஒன்றரை ஷிப்ட்:

ஆடிட் முடித்து வைத்திருக்கும் யூனிட்டாகப் பாருங்கள், பேசிப் பார்த்தால் கிடைக்கும். அந்த வாட்ச்மேனுக்கு எழுதத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டீர்களா?

போலோகாரன்:

கேட்கவில்லை அண்ணா. இதோ போய்ப் பார்க்கிறேன்.